காற்றூட்டத் தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

(கடியப்பட்டணத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கழிவுநீர் சுத்திகரிப்பு என்ற பாடத்தில் ஒரு படம் வரும். நான்கைந்து கட்டங்கள், நடுவில் அம்புக்குறிகள். வடிகட்டும் கம்பிவலை, மணல் படியும் தொட்டி, முதல்நிலைத் தொட்டி, காற்றூட்டத் தொட்டி, இரண்டாம் நிலைத் தொட்டி. காற்றூட்டத் தொட்டிக்கு நேராக "இங்கு காற்று செலுத்தப்படுகிறது, பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கின்றன" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறோம். தேர்வில் அதற்கு 2 மதிப்பெண். ஆனால் ஒரு சுத்திகரிப்பு நிலையம் செலவழிக்கும் மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதியோ அதற்கு மேலோ அந்த ஒரு கட்டத்தில்தான் போகிறது. அதனால் இன்றைக்கு எனக்குத் தந்திருக்கும் நேரம் முழுவதையும் அந்த ஒரு வரிக்கே கொடுக்கப் போகிறேன். மற்றக் கட்டங்களை நீங்கள் எல்லோரும் நன்றாகவே நடத்துகிறீர்கள்.

முதலில் ஒரு கணக்கு. கணித ஆசிரியர்களும் இருக்கிறீர்கள், தவறினால் திருத்துங்கள்.

சுத்தமான ஆற்று நீரில், நம் ஊர் வெப்பத்தில், அதாவது 30 டிகிரி செல்சியஸில், கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம். அதற்கு மேல் தங்காது. பனிக்கட்டி போலக் குளிர்ந்த நீரில் 14 மில்லிகிராமுக்கு மேல் கரையும். வெப்பம் ஏற ஏறக் குறையும். உப்பு நீரில் இன்னும் குறைவு. வெப்ப நாட்டில் வாழும் நமக்கு இது முதல் பாதகம்.

இனி வீட்டுக் கழிவுநீரை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள கரிமப் பொருளை நுண்ணுயிரிகள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டுமோ, அதைத்தான் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்கிறோம். சாதாரண வீட்டுக் கழிவுநீருக்கு அது லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். 250 என்று வைத்துக்கொள்வோம். 250ஐ 7.5ஆல் வகுத்தால் 33 வருகிறது. ஒரு குடம் கழிவுநீர், 33 குடம் நல்ல நீரில் உள்ள ஆக்சிஜன் முழுவதையும் குடித்துத் தீர்த்துவிடும் என்று பொருள். மீன் உயிரோடு இருக்க வேண்டுமானால் லிட்டருக்கு 4 அல்லது 5 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். அப்படியானால் ஒரு லிட்டர் ஆற்றுநீர் தாராளமாகக் கொடுக்கக்கூடியது 3 மில்லிகிராம்தான். இப்போது வகுத்துப் பாருங்கள்: ஒரு குடத்துக்கு 83 குடம் வேண்டும்.

இந்தக் கணக்கை நான் ஏழாம் வகுப்பில் கரும்பலகையில் போட்டபோது ஒரு பையன் எழுந்து, "டீச்சர், கடலு எவ்வளவு பெருசு! நம்ம ஊரு சாக்கடை போயி அத என்ன செய்யப் போவுது?" என்றான். கடற்கரைப் பிள்ளை கேட்கும் நியாயமான கேள்வி. 83 குடம் என்ன, 83 கோடிக் குடம் இருக்கிறதே என்பது அவன் கணக்கு. விடை இதுதான்: கழிவுநீர் கடல் முழுவதிலும் ஒரே நாளில் கலப்பதில்லை. வேளிமலைப் பக்கத்தில் தொடங்கி நம் ஊர் அருகே கடலில் சேரும் வள்ளியாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். வழியெல்லாம் ஊர்கள், வாய்க்கால்கள், வயல்கள். அவை தருவதையெல்லாம் வாங்கிக்கொண்டு அது பொழிமுகத்துக்கு வருகிறது. எந்தப் பொழியானாலும் மணல் திட்டு அடைத்துக்கொள்ளும் காலத்தில் நீர் அங்கேயே நிற்கும். நிற்கும் நீருக்குக் கடலின் கணக்கு பொருந்தாது. குளத்தின் கணக்குத்தான் பொருந்தும். திறந்திருக்கும் காலத்திலும் அந்த நீர் முதலில் பரவுவது கரையை ஒட்டி. கரமடி இழுப்பதும் பிள்ளைகள் குளிப்பதும் அங்கேதான். அவன் இரண்டாவது கேள்வியும் கேட்டான்: "அப்ப அலை அடிக்குதே, அது காத்து கலக்காதா?" அந்தக் கேள்விக்காகவே அவனை வகுப்பின் முன்னால் நிறுத்திக் கைதட்டச் சொன்னேன்.

ஆம், அலைதான் இயற்கையின் காற்றூட்டி. முட்டம் பாறைகளில் அலை மோதி வெள்ளை நுரையாகச் சிதறுகிறதே, அங்கே நீர் ஆயிரம் துளிகளாக உடைந்து காற்றைத் தொடுகிறது. காற்றும் ஆயிரம் குமிழ்களாக நீருக்குள் புகுகிறது. திற்பரப்பு அருவியிலும் நடப்பது அதுவே. இயந்திரங்களால் மனிதன் செய்வது இந்த இரண்டு வேலைகளில் ஒன்றைத்தான்: நீரைக் காற்றில் வீசுவது, அல்லது காற்றை நீருக்குள் ஊதுவது.

நீரைக் காற்றில் வீசும் கருவியைப் பிள்ளைகள் பலர் பார்த்திருப்பார்கள். இறால் பண்ணைகளில் துடுப்புச் சக்கரம் சுழன்று நீரை அள்ளி எறிகிறதே, அதுதான். கழிவுநீர் நிலையங்களில் அதே வேலையைத் தொட்டியின் மேற்பரப்பில் பொருத்திய பெரிய சுழலி செய்யும். காற்றை நீருக்குள் ஊதுவதற்கு 'புளோயர்' எனப்படும் ஊதுகருவி. இரண்டு எட்டு வடிவ உருளைகள் ஒன்றோடொன்று உரசாமல் எதிரெதிராகச் சுழன்று, காற்றை வாரி வாரிக் குழாய்க்குள் தள்ளும் வகை மிகவும் பழையது. இன்றும் பல இடங்களில் ஓடுகிறது. அந்தக் காற்று தொட்டியின் அடியில் பதித்த ரப்பர் வட்டுகளின் நுண்துளைகள் வழியே குமிழ்களாக வெளிவரும். மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. நீருக்குள் மூழ்கிய பம்பு ஒன்று நீரைக் குறுகிய வாய் வழியாக வேகமாகத் தள்ளும். வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். அங்கே ஒரு குழாயைச் செருகி மேலே திறந்துவிட்டால் காற்று தானாக உறிஞ்சப்பட்டுக் கலந்துவிடும். இயற்பியல் ஆசிரியர்கள் பெர்னோலித் தத்துவத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை.

நம் வகுப்பறைக்குக் கிடைக்கக்கூடியது மீன்தொட்டிப் பம்பு. இந்தக் கரையில் சிங்கி இறாலை உயிரோடு வைத்து விற்பவர்களிடமும் பார்க்கலாம். இதோ மேசைமேல் ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறேன். உள்ளே சுழலும் மோட்டார் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு கம்பிச்சுருள், ஒரு கையின் முனையில் ஒட்டிய காந்தம், அந்தக் கையோடு பிணைந்த ரப்பர் கிண்ணம், இரண்டு சிறு ரப்பர் கதவுகள், அவ்வளவுதான். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறி மாறி வருகிறது. சுருள் 50 முறை காந்தத்தை இழுத்து 50 முறை தள்ளுகிறது. கிண்ணம் விரியும்போது ஒரு கதவு திறந்து காற்றை உள்ளே விடும். சுருங்கும்போது அது மூடி, மற்றக் கதவு திறந்து காற்றை வெளியே விடும். நாம் கேட்கும் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் அந்த 50 துடிப்பின் ஓசை. மாறுதிசை மின்னோட்டம், மின்காந்தம், ஒருவழி வால்வு மூன்றும் இந்தச் சின்னப் பெட்டிக்குள் கிடக்கின்றன. இதயத்தின் வால்வுகளை நடத்தும்போதும் இதைக் காட்டலாம்.

குமிழின் அளவு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 1 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு குமிழின் மேற்பரப்பு 3.14 சதுர சென்டிமீட்டர். அதே காற்றை 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழ்களாக உடைத்தால் 1000 குமிழ்கள் கிடைக்கும். அவற்றின் மொத்த மேற்பரப்பு 31.4 சதுர சென்டிமீட்டர். காற்று அதேதான், நீரைத் தொடும் பரப்பு 10 மடங்கு. சிறிய குமிழ் மெதுவாக மேலே வரும் என்பதால் தொட்டுக்கொண்டிருக்கும் நேரமும் கூடும். மீன்தொட்டியில் குழாயின் முனையில் துளைக்கல் மாட்டுவது அழகுக்காக அல்ல.

இப்போது பிள்ளைகளிடமும், உண்மையைச் சொன்னால் பெரியவர்களிடமும் உள்ள ஒரு தவறான எண்ணத்துக்கு வருகிறேன். குமிழ் வந்தால் நீர் சுத்தமாகிவிடும், குமிழே அழுக்கை அடித்துக்கொண்டு போய்விடும் என்று நினைக்கிறோம். குமிழ் எதையும் சுத்தம் செய்வதில்லை. அது சோறு பரிமாறுகிறது. வேலை செய்வது நுண்ணுயிரி. இந்த உண்மையை மனித இனம் தெளிவாகக் கண்டுகொண்டு நூற்றுச்சொச்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரின் டேவிஹியூம் கழிவுநீர் நிலையத்தில் எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் என்று இருவர். அவர்களுக்கு வழிகாட்டியவர் கில்பர்ட் ஃபௌலர். ஃபௌலர் 1912இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் ஆய்வு நிலையத்துக்குச் சென்று, கழிவுநீருக்குள் காற்று ஊதும் சோதனைகளைப் பார்த்துவிட்டு வந்தார். காற்று ஊதிப் பார்ப்பது அதற்கு முன்பே பலர் செய்ததுதான். கழிவு முழுமையாக மாற வாரக்கணக்கில் ஆனதால் யாரும் அதைப் பயனுள்ளதாகக் கருதவில்லை. ஆர்டர்னும் லாக்கெட்டும் செய்த மாற்றம் மிக எளிமையானது. காற்று ஊதி முடித்ததும் பாட்டிலை அசையாமல் வைத்தார்கள். அடியில் பழுப்பு நிறக் கசடு படிந்தது. மற்றவர்கள் கொட்டிய அந்தக் கசட்டை அவர்கள் கொட்டவில்லை. மேலே தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அதே கசட்டின்மேல் புதிய கழிவுநீரை ஊற்றி மீண்டும் காற்று ஊதினார்கள். இப்படித் திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய, முதலில் ஐந்து வாரம் ஆன வேலை ஒரு நாளுக்குள் முடிந்தது. பிறகு சில மணி நேரமாகச் சுருங்கியது. வெளிச்சம் பட்டால் பாசி வளர்ந்து முடிவைக் குழப்பிவிடும் என்று பாட்டில்களைப் பழுப்புத் தாளால் சுற்றி மூடினார்கள். சோதனையில் ஒரே ஒரு காரணியை மட்டும் மாற்ற வேண்டும் என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோமே, அதற்கு இந்தத் தாள் நல்ல சான்று. 1914 ஏப்ரல் 3ஆம் நாள் மான்செஸ்டரில் தங்கள் கட்டுரையை வாசித்தார்கள். அந்தக் கசட்டுக்குச் 'செயலூட்டப்பட்ட கசடு' என்று பெயர் வைத்தவர்களும் அவர்கள்தான்.

தோசை மாவு அரைக்கிற வீட்டுக்கு இதை விளக்கவே வேண்டாம். பழைய மாவில் ஒரு கரண்டி புதிய மாவில் சேர்த்தால் சீக்கிரம் புளித்துவிடுகிறது. மோரில் ஒரு துளி பாலில் விட்டால் தயிராகிறது. உறை ஊற்றுவதுதான் ஆர்டர்ன், லாக்கெட் செய்தது. இந்த ஒப்புமையை வகுப்பில் சொன்னால், இரண்டாம் நிலைத் தொட்டியிலிருந்து ஒரு அம்புக்குறி ஏன் பின்னோக்கிக் காற்றூட்டத் தொட்டிக்குப் போகிறது என்று எந்தப் பிள்ளையும் மறக்காது. அந்தப் பின்னோக்கிய அம்புதான் கண்டுபிடிப்பு. ஒரு வேண்டுகோள்: நாம் படம் வரையும்போது பெரும்பாலும் விட்டுவிடுவதும் அந்த அம்பைத்தான்.

இன்னொரு செய்தி நமக்குச் சற்று நெருக்கமானது. ஃபௌலர் 1916இல் பெங்களூருவிலுள்ள இந்திய அறிவியல் நிறுவனத்துக்குப் பேராசிரியராக வந்து பல ஆண்டுகள் பணியாற்றினார். மான்செஸ்டரில் கசடு சூடாக இருந்தபோதே அதை அறிந்தவர் நம் பக்கத்து மாநிலத்தில் இருந்தார்.

இன்று சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூர், நெசப்பாக்கம், பெருங்குடி எனப் பல இடங்களில் பெரிய நிலையங்கள் இருக்கின்றன. வெளியேறும் கசட்டை மூடிய கலனில் காற்றில்லாமல் நொதிக்கவிட்டு, அந்த எரிவாயுவில் மின்சாரம் எடுத்து, அந்த மின்சாரத்தில் காற்றூதும் கருவிகளை ஓட்டுகிறார்கள். தேவை முழுவதையும் இல்லாவிட்டாலும் பெரும் பகுதியை ஈடுகட்டலாம். 2019இல் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் இன்னும் நுட்பமாகச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் அமைப்புகள் தொடங்கப்பட்டன. ஒரு காலத்தில் ஏரி நீரைக் குடித்த தொழிற்சாலைகள் இப்போது நகரத்தின் கழிவுநீரைக் குடிக்கின்றன. நம் மாவட்டத்தில் நாகர்கோவிலில் பாதாளச் சாக்கடைக்காகச் சாலையைத் தோண்டிய காலத்தில் நாம் எல்லோரும் தூசி தின்றோம். அந்தக் குழாய்களின் மறுமுனையில் இருக்க வேண்டியது இந்தக் காற்றூட்டத் தொட்டிதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

காற்று எவ்வளவு ஊதலாம்? தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் நிற்கும்படி பார்த்துக்கொள்வது வழக்கம். கூட ஊதினால் மின்சாரம் வீண், கசட்டுத் திரள்கள் உடைந்து படியவும் மறுக்கும். ஊதாமல் விட்டால்? இதைக் காட்ட ஒரு நேரடி அனுபவமே எங்களுக்குக் கிடைத்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு கட்டடத்தின் சிறு சுத்திகரிப்பு அமைப்பைப் பார்க்க அழைத்துப் போயிருந்தோம். இடத்தின் பெயர் வேண்டாம். நாங்கள் போனபோது ஊதுகருவி ஓடவில்லை. தொட்டி கறுத்துக் கிடந்தது, அழுகிய முட்டை நாற்றம். எங்களைப் பார்த்ததும் ஒருவர் ஓடிப்போய் சுவிட்சைப் போட்டார். கறுப்பு நீர் கொப்பளித்தது, நாற்றம் இன்னும் கூடியது. "எப்போதும் ஓடுமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். "ராத்திரி மட்டும் நிறுத்துவோம், கரண்டு பில்லு" என்றார். அவள் நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டாள்: காலை 11 மணி.

திரும்பி வந்ததும் வகுப்பில் அதைத்தான் பேசினோம். ஊதுவதை நிறுத்தினால் சிறிது நேரத்திலேயே கரைந்த ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அடர்த்தியாக இருக்கும் நுண்ணுயிரிகள் அவ்வளவு வேகமாகக் குடிக்கின்றன. கலக்கமும் நிற்பதால் கசடு அடியில் படியும், வட்டுகளின் துளைகள் அடையும். சில மணி நேரத்தில் காற்றில்லாமல் வாழும் வேறு நுண்ணுயிரிகள் தலையெடுக்கும். அவை நீரிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். நாற்றம் அதுதான். நாள்கணக்கில் நிறுத்தினால் பழைய கூட்டமே மடிந்து, மறுபடி உறை ஊற்றித்தான் தொடங்க வேண்டும். இரவில் நிறுத்தி மிச்சம் பிடிக்கும் மின்கட்டணத்தில் அந்த அமைப்பைக் கட்டிய பணம் முழுவதும் போகிறது என்று அந்தப் பிள்ளைகளுக்குப் புரிந்தது.

ஆனால் எல்லாவற்றுக்கும் பம்பு விடை அல்ல. எங்கள் பள்ளியில் மதிய உணவுக்குப் பின் தட்டும் கையும் கழுவும் நீர் பின்புறம் ஒரு குழியில் தேங்கும். நாற்றம் தாங்காமல் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேச்சு வந்தது. உறுப்பினர் ஒருவர் வண்ணமீன் கடை வைத்திருக்கிறார். "டீச்சர், நான் ஒரு ஏரேட்டர் தாறேன். போட்டா நாத்தம் பறந்துரும்" என்றார். நல்ல மனசு. பிள்ளைகளிடம் கணக்குப் போடச் சொன்னேன். 200 பேர், ஆளுக்கு 2 லிட்டர், ஆக 400 லிட்டர். சோறும் குழம்பும் கலந்த நீர். அதன் ஆக்சிஜன் தேவையை லிட்டருக்கு அரை கிராம் என்று வைத்துக்கொண்டோம். நாளுக்கு 200 கிராம் ஆக்சிஜன் வேண்டும். பம்பு நிமிடத்துக்கு 3 லிட்டர் காற்று தரும் என்று அதன் பெட்டியில் போட்டிருந்தது. நாளுக்கு 4320 லிட்டர். ஒரு லிட்டர் காற்றில் ஆக்சிஜன் 0.275 கிராம். மொத்தம் 1188 கிராம். பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள், ஐந்து மடங்குக்கு மேல் இருக்கிறதே!

இருக்கிறது, ஆனால் கரையாது. 4 அல்லது 5 மீட்டர் ஆழத்தில் நுண்துளை வட்டு வழியாக ஊதும் பெரிய நிலையத்திலேயே கழிவுநீரில் கரைவது நூற்றுக்கு 10, 15 பங்குதான். முழங்கால் ஆழக் குழியில் நூற்றுக்கு 2 என்பதே தாராளம். 1188இல் 2 சதவீதம் ஏறத்தாழ 24 கிராம். வேண்டியது 200. அதாவது 9 பம்புகள், இரவு பகலாக. அதற்குப் பின்னும் கசட்டைப் படியவைக்கத் தனியாக ஒரு தொட்டி வேண்டும். ஒரு மாணவன் கேட்டான்: "சோறு போகாம தடுத்தா என்ன டீச்சர்?" அதைத்தான் செய்தோம். கழுவும் இடத்தில் சல்லடை வைத்தோம். விழும் சோறு கோழிக்கும் ஆட்டுக்கும் போனது. மிச்ச நீரைத் தேங்கவிடாமல் வாய்க்கால் வெட்டி வாழைக்கு மாற்றி மாற்றிப் பாய்ச்சினோம். நம் மணல்பாங்கான மண்ணில் காற்று புகுந்து வரும் வேர்ப்பகுதியே ஒரு காற்றூட்டத் தொட்டிதான். நாற்றம் போனது. அவர் தந்த பம்பு வீணாகவில்லை. இந்த மேசைமேல் திறந்து கிடப்பது அதுவே.

இனி நான் சொல்லப்போவது பாடநூலில் இல்லை. ஆனால் இங்கிருந்து போகும்போது ஒன்றே ஒன்றை எடுத்துப்போவதானால் இதை எடுத்துப் போங்கள். கரையோர ஊர்களில் வீடுகள் நெருக்கமானவை. பெரும்பாலும் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்குதான். செப்டிக் டேங்க் என்பது காற்றூட்டத் தொட்டிக்கு நேர் எதிர். அங்கே காற்று இல்லை. காற்றில்லா நுண்ணுயிரிகள் மீத்தேனையும் ஹைட்ரஜன் சல்பைடையும் உண்டாக்குகின்றன. ஹைட்ரஜன் சல்பைடு குறைவாக இருந்தால் நாறும். அதிகமானால் மூக்கின் மோப்பத்தையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குகிறவர் இரண்டொரு மூச்சில் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுகிறார். செய்தித்தாளில் இப்படிப்பட்ட சாவுகளைப் படிக்கும்போது எண்ணிக்கை பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை, இரண்டு மூன்றாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். கடலில் ஒருவர் விழுந்தால் யோசிக்காமல் குதிக்கும் பிள்ளைகள் இவர்கள். தகப்பன்மாரும் அண்ணன்மாரும் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். கடலில் அந்தப் பழக்கம் உயிர் காக்கும். தொட்டிக்குள் அதே பழக்கம் உயிர் எடுக்கும். ஆகவே இதைத் தனியாக, அழுத்தமாகச் சொல்ல வேண்டும்: கடலில் குதிக்கலாம், தொட்டியில் குதிக்கக் கூடாது. மூடியைத் திறந்து வைத்தேன், வாளியால் காற்று வீசினேன், பம்பு போட்டேன் என்று யார் சொன்னாலும் இறங்கக் கூடாது, குனிந்து எட்டிப் பார்க்கவும் கூடாது. சத்தம் போட்டு ஆள் கூட்டி, தீயணைப்புத் துறைக்கு 101, ஆம்புலன்சுக்கு 108, அல்லது 112 எண்ணுக்கு அழைக்க வேண்டும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. மீத்தேன் இருக்கும் இடத்தில் அது என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும்.

கழிவுத்தொட்டிக்குள் பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வீட்டுக்காரர் கூலி கொடுத்து இறக்கினாலும் குற்றம்தான். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது; 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. லாரி வைத்து உறிஞ்சிக்கொள்ளும் வசதி இருக்கும்போது எந்த ஆளும் எந்தத் தொட்டிக்குள்ளும் இறங்க வேண்டியதில்லை. இதைப் பெற்றோர் கூட்டத்திலும் சொல்லுங்கள். வேதியியல் பாடமாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். அறிவுரையாகச் சொன்னால் எழுந்து போய்விடுவார்கள் என்பது என் அனுபவம்.

கடைசியாக, வகுப்பில் செய்யக்கூடிய சோதனை. மேசைமேல் இருக்கும் மூன்று பாட்டில்களைப் பாருங்கள். மூன்றிலும் அரை லிட்டர் வெதுவெதுப்பான நீர், ஒரு கரண்டி சர்க்கரை, சில துளி மெத்திலீன் நீலம். மெத்திலீன் நீலத்துக்கு ஆய்வகப் பட்டியல் போட்டுக் காத்திருக்க வேண்டாம். வண்ணமீன் கடையில் மீனுக்கு மருந்தாகவே விற்கிறார்கள். முதல் பாட்டிலில் ஈஸ்ட் இல்லை. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் கால் கரண்டி ஈஸ்ட். இரண்டாவதை விளிம்பு வரை நிரப்பி மூடிவிட்டேன். மூன்றாவதில் பம்பின் குழாய் ஓடுகிறது. நான் பேசத் தொடங்கியபோது மூன்றும் ஒரே நீலம். இப்போது இரண்டாவது வெளுத்துவிட்டது. ஈஸ்ட், நீரிலிருந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இந்தச் சாயம் நிறமிழக்கும். மூன்றாவது இன்னும் நீலமாக இருக்கிறது.

இரண்டாவதில் கொஞ்சம் நீரைக் கொட்டிவிட்டு மூடிக் குலுக்கிக் காட்டுங்கள், நீலம் திரும்பும். அலை செய்யும் வேலை அது. பிறகு மூன்றாவதில் பம்பு ஓடும்போதே இன்னும் இரண்டு கரண்டி ஈஸ்ட் போடுங்கள். பம்பு ஓடிக்கொண்டே இருக்கும், குமிழ் வந்துகொண்டே இருக்கும், ஆனால் நீலம் போய்விடும். ஊட்டுவதைவிடத் தின்பது அதிகமானால் குமிழ் இருந்தும் பயனில்லை. எங்கள் பள்ளிக் குழியின் கணக்கு அந்தப் பாட்டிலுக்குள் தெரியும். சாயம் கையில் பட்டால் இரண்டு நாள் போகாது, சீருடையில் பட்டால் போகவே போகாது. பழைய சட்டை அணிந்து செய்யச் சொல்லுங்கள்.

என்னிடம் இதைத் தவிர இரண்டு பம்புகள் கூடுதலாக இருக்கின்றன. வேண்டுகிற பள்ளிகள் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்துப் போகலாம், ஒரு வாரத்தில் திருப்பித் தந்தால் அடுத்தவர்களுக்குப் போகும். பம்பை எப்போதும் பாட்டிலின் நீர்மட்டத்தைவிட உயரமான இடத்தில் வையுங்கள். மின்சாரம் நின்றால் குழாய் வழியாக நீர் பின்னோக்கி இறங்கிப் பம்புக்குள் புகுந்துவிடும்; மறுபடி மின்சாரம் வரும்போது அது ஆபத்து.